வேலையை நிறுத்தும் கருவியும் ஊமையாகிப் போகும் கருவியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நிலத்தடிச் சுரங்கங்களுக்குப் பாதுகாப்புக் கருவிகள் வாங்கும்போது, பாதுகாப்பையும் உற்பத்தியையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து, ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே தீரும் என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது என் கருத்து: இந்தக் கருவி தேவையில்லாமல் எத்தனை முறை வேலையை நிறுத்தும்?

நிலக்கரிச் சுரங்கங்களில் கசியும் மீத்தேன் வாயு காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் வெடிக்கும். அமெரிக்க விதிகளின்படி, நிலக்கரி வெட்டும் இயந்திரத்தில் பொருத்திய மீத்தேன் கண்காணிப்பான் 1 சதவீதத்தில் எச்சரித்து, 2 சதவீதத்தில் மின்சாரத்தைத் தானாகவே துண்டிக்க வேண்டும். தூசியும் ஈரமும் அதிர்வும் ஓயாத இடத்தில் அக்கருவி காரணமின்றி அடிக்கடி இயந்திரத்தை நிறுத்தினால், ஷிப்ட் முடிவில் டன் கணக்குக் கேட்கப்படும் நிலையில் இருப்பவர், அதைச் செயலிழக்கச் செய்ய வழி தேடுவார். 2010 ஏப்ரலில் 29 பேர் மாண்ட மேற்கு வர்ஜீனியாவின் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில், விபத்துக்கு முன்பே, கண்காணிப்பான் இல்லாமலே இயந்திரம் ஓடும்படி மின்கம்பிகளை மாற்றச் சொன்னதாக அங்கிருந்த பொறுப்பு அதிகாரி ஒருவர் பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வெடிப்புக்கு அதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. உற்பத்தி நெருக்கடி எந்தக் கருவியின்மேல் முதலில் கைவைக்கும் என்பதை அது காட்டுகிறது.

இதற்கு நேர்மாறான ஆபத்து இன்னும் மோசமானது. வாயுவை ஒரு வினையூக்கியின் மேல் எரித்து அதன் அளவைக் கண்டறியும் வினையூக்கி வகை உணரிகள் சிலிக்கோன் ஆவி பட்டால் உணர்திறனை இழக்கின்றன. வாயு இருக்கும்போதும் இல்லை என்றே காட்டுகின்றன. அப்படிப்பட்ட கருவி வேலையை ஒருபோதும் தடுக்காது என்பதால் அதன்மேல் புகாரும் எழாது, அடுத்த கொள்முதலில் அதற்கே நற்சான்றும் கிடைக்கும்! அறிந்த அளவு வாயுவைச் செலுத்திக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்தால் மட்டுமே இது வெளிப்படும். அந்தச் சோதனைக்கு ஆகும் நேரத்தை உற்பத்தி இலக்கிலிருந்து முன்கூட்டியே கழிக்காத நிர்வாகம், விலை உயர்ந்த உணரியை வாங்கியும் பயனில்லை.

விபத்தின்போது நச்சுக் காற்றிலிருந்து தப்பி வெளியேறத் தொழிலாளி அணியும் சுயமீட்புச் சுவாசக் கருவிகளிலும், வேலைக்கு இடையூறான கருவி ஒதுக்கப்படும் இதே சிக்கல் உண்டு. வடிகட்டி வகை இலேசானது. கார்பன் மோனாக்சைடிலிருந்து காக்கும், ஆனால் ஆக்சிஜன் குறைந்த காற்றில் உதவாது. ஆக்சிஜனைத் தானே தரும் வகை கனமானது. அதை நாள் முழுவதும் இடுப்பில் சுமந்து குனிந்து வேலை செய்பவர், சற்று எட்டக் கழற்றி வைப்பதில் வியப்பில்லை. 12 பேர் இறந்த சாகோ சுரங்க விபத்துக்குப் பிறகு 2006இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், தப்பிக்கும் பாதை நெடுகக் கூடுதல் கருவிகளை இருப்பு வைக்கச் சொன்னது. எல்லாச் சுமையையும் தொழிலாளியின் உடல்மேல் ஏற்றாத அந்த ஏற்பாடு சரியானதே.

ஆகவே ஒப்பந்தப்புள்ளியில் விலையையும் சான்றிதழையும் மட்டும் பார்க்காமல், அந்தந்தச் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டப்படும் வெட்டுமுகப்பிலேயே சில மாதங்கள் கருவியை ஓட்டிப் பார்த்து, பொய் எச்சரிக்கைகளையும் தவறிய எச்சரிக்கைகளையும் தனித்தனியே பதிவு செய்து, அதைப் பயன்படுத்திய தொழிலாளர்களின் கருத்தையும் எழுத்தில் பெற்ற பிறகே கொள்முதலை முடிவு செய்ய வேண்டும்.

இங்ஙனம்,
சுரங்கப் பாதுகாப்பில் அக்கறையுள்ள ஒரு வாசகர்