நிலத்தடி எண்ணெய்க்கு ஒரு பொது அட்டவணை வேண்டும்

லண்டனில் இயங்கும் சர்வதேசக் கணக்கியல் தரநிலை வாரியத்தின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் வணிகவியல் கற்பிப்பவன். எண்ணெய் நிறுவனங்களின் ஆண்டறிக்கையை வகுப்பில் விரிக்கும்போதெல்லாம் மாணவர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "மண்ணுக்கடியில் இருப்பது ஒன்றுதானே, எண் மட்டும் ஏன் நாட்டுக்கு நாடு மாறுகிறது?" அந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

கனடாவின் ஆல்பெர்ட்டாவில் உள்ள கியர்ல் எண்ணெய் மணல் வயலைப் பாருங்கள். 2016 இறுதிக் கணக்கில் எக்ஸான்மொபில் நிறுவனம் அங்கிருந்த 350 கோடி பீப்பாயை 'நிரூபிக்கப்பட்ட இருப்பு' (பெரும் உறுதியோடு, லாபகரமாக எடுக்கக்கூடிய எண்ணெய்) என்ற தலைப்பிலிருந்து நீக்கியது. வயலில் ஒரு சொட்டும் குறைந்துவிடவில்லை, உற்பத்தியும் தொடர்ந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் விதிப்படி, ஒவ்வொரு மாதமும் முதல் நாளில் நிலவிய விலைகளைக் கூட்டி, பன்னிரண்டு மாதச் சராசரி எடுக்க வேண்டும். அந்த விலையில் எடுத்துக் கட்டுப்படியாகாத எண்ணெய்க்குக் கணக்கில் இடமில்லை. விலை ஏறியபின் அதில் கணிசமான பகுதி மீண்டும் ஏட்டில் ஏறியது.

எண்ணெய் நிறுவனங்கள் இருப்பை வெளியிடுவதற்காக அதே கனடா 2003இல் கொண்டுவந்த என்.ஐ. 51-101 விதி வேறு வழியில் போகிறது. வருங்கால விலைக் கணிப்பை வைத்துக் கணக்கிடச் சொல்கிறது. குறைந்தது 90 விழுக்காடு உறுதியுள்ள நிரூபிக்கப்பட்ட இருப்போடு, எதிர்பார்க்கத்தக்க இருப்பையும் காட்டச் சொல்கிறது. இரண்டையும் கூட்டிய அளவாவது கிடைக்கும் என்பதற்கு உறுதி குறைந்தது 50 விழுக்காடு. எனக்கு இந்த முறைதான் நேர்மையாகத் தோன்றுகிறது. ஐயம் எவ்வளவு என்பதையும் அது வாசகருக்குச் சொல்லிவிடுகிறது.

ரஷ்யாவின் பழைய ஏ, பி, சி1 என்ற இருப்பு வகைப்பாடு பொருளாதார லாபத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தியதில்லை. அந்த முறைப்படி ரஷ்ய எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் 2013 இறுதியில் காட்டிய எரிவாயு 35 லட்சம் கோடி கன மீட்டருக்கும் மேல். பெட்ரோலியப் பொறியாளர் சங்கத்தின் அளவுகோலால் தணிக்கையாளர்கள் மதிப்பிட்டபோது, நிரூபிக்கப்பட்டதும் எதிர்பார்க்கத்தக்கதும் சேர்ந்தே சுமார் 23 லட்சம் கோடிதான் தேறியது. தணிக்கைக்கு உட்படாத சில வயல்கள் உண்டு என்றாலும் இத்தனை பெரிய இடைவெளியை அவை விளக்கிவிடாது.

இதெல்லாம் நிலவியலாளர் பாடு என்று நீங்கள் ஒதுங்க முடியாது. எண்ணெய்க் கிணற்றின் தேய்மானத்தை, அந்த ஆண்டு எடுத்த அளவை இருப்பால் வகுத்து, அதைச் செலவால் பெருக்கித்தான் கணக்கிடுகிறோம். ஒரு வயலுக்கு 100 கோடி ரூபாய் செலவாகி, இந்த ஆண்டு 10 லட்சம் பீப்பாய் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். இருப்பு ஒரு கோடி பீப்பாய் என்றால் தேய்மானம் 10 கோடி ரூபாய். இரண்டு கோடி என்றால் 5 கோடிதான். உங்கள் தரநிலைகளின் கீழ் நிரூபிக்கப்பட்டதை மட்டும் வைத்து வகுக்கும் நிறுவனமும் உண்டு, எதிர்பார்க்கத்தக்கதையும் சேர்த்து வகுக்கும் நிறுவனமும் உண்டு. இரண்டின் லாபத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடு என்று மாணவனிடம் நான் எப்படிச் சொல்வேன்?

2004 ஜனவரியில் ஷெல் தன் நிரூபிக்கப்பட்ட இருப்பில் ஐந்தில் ஒரு பங்கை, 390 கோடி பீப்பாயை, அந்த வகையிலிருந்து இறக்கியது. முதலீட்டாளர்கள் அதிர்ந்துபோனார்கள். அதே ஆண்டு நீங்கள் வெளியிட்ட, எண்ணெய், கனிமத் தேடலுக்கான ஐ.எஃப்.ஆர்.எஸ். 6 தரநிலை இருப்பின் அளவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. 2010இல் இதைப் பற்றி உங்களிடமிருந்து ஒரு விவாத அறிக்கை வந்தது. எனக்கு நம்பிக்கை பிறந்தது. இருப்பைக் காட்டும் கட்டாயம் மட்டும் இன்றும் வரவில்லை.

எல்லா நாடுகளும் தங்கள் அளவுகோலைக் கைவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒரு அட்டவணை போதும், அதுவும் நிதி அறிக்கையோடு வரும், தணிக்கைக்கு உட்பட்ட குறிப்புகளுக்குள். நிரூபிக்கப்பட்டது எவ்வளவு, எதிர்பார்க்கத்தக்கது எவ்வளவு, எந்த விலையில், அரசுக்குரிய ராயல்டியைக் கழிப்பதற்கு முன்பா பின்பா, மதிப்பிட்டவர் நிறுவனத்தின் ஊழியரா வெளியாரா, தேய்மானத்துக்கு எந்த எண்ணால் வகுத்தார்கள். உங்கள் அடுத்த பணித்திட்டத்தில் இதைச் சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வணிகவியல் ஆசிரியர்