நீ சொன்ன காசு

அன்பின் மச்சான்,

இங்கு எல்லாரும் சுகம். மாரி ஓய்ந்து வாவித் தண்ணீரும் வற்றத் தொடங்கிவிட்டது. என் முழங்கால் வலிதான் போகிற பாடில்லை. மாலையில் கல்லடிப் பாலம் வரை நடக்கிறேன், அதோடு சரி.

உன்னால் ஒரு பந்தயம் தோற்றேன். மாமாங்கத் தீர்த்தத்துக்கு வந்தபோது, ஆங்கிலக் 'கேஷ்' நம் 'காசு'தான் என்று அடித்துச் சொன்னாயே, அதை நம்பித் தேத்தண்ணிக் கடையில் ஓய்வுபெற்ற ஆங்கில மாஸ்டரோடு வாதாடினேன். அவர் சிரித்துவிட்டு எழும்பிப் போனார். மறுநாள் பெரிய ஒக்ஸ்போர்ட் அகராதிப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார். அன்றைக்கு எல்லாருக்கும் தேத்தண்ணியும் வடையும் என் செலவு.

அதில் கேஷ் இரண்டு இருக்கிறது, மச்சான். வங்கியில் சொல்கிற கேஷ், பெட்டியைக் குறிக்கும் 'கப்சா' என்ற இலத்தீன் சொல்லின் பேரப்பிள்ளை. இத்தாலியரிடம் அது 'கஸ்ஸா'. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது பணப்பெட்டிக்கும் அதுவே பெயர். பிறகு பெட்டி போய்விட்டது, உள்ளே கிடந்த பணத்தில் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் வலிக்கு விழுங்குகிற 'கப்சூல்' கூட அந்தக் கப்சாவின் குட்டிதானாம்: சின்னப் பெட்டி.

மற்றக் கேஷ் நம்முடையது. போர்த்துக்கேயர் காசைக் 'கைஷா' ஆக்கினார்கள். அவர்களிடமிருந்து வாங்கிய ஆங்கிலேயர் சில்லறைச் செப்புக் காசுக்குக் கேஷ் என்று பெயர் வைத்தார்கள். சென்னையில் கம்பனிக் கணக்கு 80 காசுக்கு ஒரு பணம், 42 பணத்துக்கு ஒரு வராகன் என்று ஓடியது. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்தையும் கேஷ் என்றுதான் எழுதினார்கள். ஆக, நீ சொன்னது முழுப் பொய் இல்லை. ஆள் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. போர்த்துக்கேய மொழியில் பெட்டியும் 'கைஷா'தான், அதே கப்சாவின் வழியில் வந்தது. 1628இல் நம் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டி, பத்தே வருடத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தவர்கள் கதிரை, அலுமாரி, பாண் என்ற சொல்லெல்லாம் நமக்குத் தந்தார்கள். (கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. அதற்கு ஏறி இறங்கியே நம் செருப்புத் தேய்கிறது.) நம்மிடம் வாங்கிய ஒரு காசைத் தங்கள் பெட்டியோடு கலந்துவிட்டார்கள்.

மாஸ்டர் அதோடு விடவில்லை. படையிலிருந்து ஒருவரை அவமானப்படுத்தி விலக்குவதும் ஆங்கிலத்தில் 'கேஷியர்' தானாம். ஒல்லாந்தர் வழியாக வந்த வேறு சொல் அது. காசாளருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கஜுவும் காசும் ஒன்றா என்று அடுத்த கடிதத்தில் கேட்டுவிடாதே. அது பிரேசில் பழங்குடிகளின் சொல். கொண்டுவந்தவர்கள் மட்டும் அதே போர்த்துக்கேயர்.

மறுகா, பந்தயச் செலவில் பாதி உன் தலையில். சித்திரைக்கு வரும்போது என் பேத்திக்குக் கைவிசேடமாகக் கொடுத்துவிடு. பெட்டி அவளிடம் இருக்கிறது.

கல்லடியிலிருந்து,
உன் மச்சான்