பால் ஆறும் நேரத்தில்

அன்புள்ள அம்மாவுக்கு,

அடுப்பிலிருந்து இப்போதுதான் பாலை இறக்கி வைத்தேன். உறை ஊற்றும் பதத்துக்கு ஆற முக்கால் மணி நேரமாவது ஆகும். குழந்தை தூங்குகிறாள், உன் மருமகள் இரவு வேலைக்குப் போயிருக்கிறாள். போன ஞாயிறு போனில் நீ கேட்டதற்கு அன்று பதில் சொல்ல முடியாமல் போயிற்று. அதை இப்போது எழுதிவிடுகிறேன்.

"தயிரைக்கூட கடையில் வாங்க முடியாத நிலைமையா? ரொட்டியும் நீதான் சுடுகிறாயாம். என்னிடம் மறைக்காதே" என்றாய். அம்மா, மறைக்க ஒன்றும் இல்லை. வந்த புதிதில் கஷ்டம் இருந்தது உண்மை. எனக்கு வேலை செய்ய அனுமதி இன்னும் வரவில்லை, இவள் ஒருத்தி சம்பளத்தில் வீட்டு வாடகை போக மீதியில்தான் மாதம் ஓட வேண்டும். ஆனால் இன்று தயிரும் ரொட்டியும் வீட்டில் செய்வது அந்தக் கஷ்டத்தால் இல்லை. அது வேறு கதை.

முதல் மூன்று மாதத்து கடை ரசீதுகளை ஒருநாள் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். பெரிய செலவு என்று நாங்கள் பயந்தது எல்லாம் ஒரே தடவை வாங்கிய பாத்திரமும் போர்வையும்தான். காசைக் கரைத்தது, வாராவாரம் திரும்பத் திரும்ப வரும் சின்னச் சாமான்கள். தயிர், ரொட்டி, டப்பாவில் வேகவைத்த பயறு, தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று என்று விதவிதமான கழுவும் திரவங்கள். இதில் எதையெல்லாம் நானே செய்யலாம் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க ஆரம்பித்தேன். வீட்டில் இருப்பவன் நான்தானே.

தயிரில்தான் முதலில் தோற்றேன். நீ செய்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். முதல் தடவை காலையில் பார்த்தால் பால் பாலாகவே இருந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. கடையில் வாங்கிய தயிரைத்தான் பிரையாக ஊற்றியிருந்தேன். அந்த டப்பாவை எடுத்து நிதானமாகப் படித்த பிறகுதான் புரிந்தது: உறைந்த பிறகு அதை மறுபடி சூடுபடுத்தியிருக்கிறார்கள். சீக்கிரம் கெடாமல் இருக்க அப்படிச் செய்வார்களாம். ஆனால் அந்தச் சூட்டில் தயிரை உறைய வைக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். செத்த பிரையை ஊற்றிவிட்டு விடிய விடியக் காத்திருந்திருக்கிறேன். உயிருள்ள நுண்ணுயிர் இருப்பதாக எழுதிய டப்பாவாகப் பார்த்து வாங்கிய பிறகு உறைந்தது, ஆனால் தண்ணீராக, ஒழுகலாக.

அப்போதுதான் ஒரு வெப்பமானி வாங்கினேன். இந்த வீட்டில் நான் வாங்கியதிலேயே உருப்படியான சாமான் அதுதான் என்று சொல்வேன். பால் பொங்கி வந்ததும் இறக்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். அது போதாது. சுமார் 85 டிகிரியில் பாலைக் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். அந்தச் சூட்டில் பாலில் இருக்கும் ஒருவகைப் புரதம் சுருள் அவிழ்ந்து மற்றப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு புளிப்பு ஏறும்போது அது தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும், தயிர் கட்டியாக நிற்கும். நீ பாலைச் சின்னத் தணலில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பாயே, ஆடை தடித்து வரும் வரை இறக்கவே மாட்டாயே, அது இதற்குத்தான். உனக்குக் காரணம் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆனால் நீ செய்தது சரி.

அப்புறம் 45 டிகிரிக்கு ஆற விட வேண்டும். அதற்கு மேல் ரொம்பச் சூடாக இருந்தால் பிரை செத்துவிடும். ரொம்ப ஆறிவிட்டால் அது மந்தமாகிவிடும், விடிந்தாலும் உறையாது. நீ சுண்டுவிரலைப் பாலில் விட்டு எண்ணிக்கொண்டிருப்பாய். நம் உடம்புச் சூடு 37 டிகிரி. அதைவிடக் கொஞ்சம் அதிகம், சுடும் ஆனால் விரலை எடுக்கத் தோன்றாது. உன் விரல் கண்ட அந்தப் பதம்தான் என் வெப்பமானியில் 45 என்று காட்டுகிறது. முதல் முறை அந்த எண்ணைப் பார்த்தபோது நானும் விரலை விட்டுப் பார்த்தேன். உன் ஞாபகம் வந்துவிட்டது.

இங்கே சமையலறை குளிர், மேடையில் வைத்தால் எதுவும் உறையாது. ஓவனை மூட்டாமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டுவிட்டு, பாத்திரத்தைத் துணியால் சுற்றி அதற்குள் வைக்கிறேன். அந்த ஒற்றை பல்பின் சூடே போதும். எட்டு மணி நேரத்தில் உறைந்துவிடும். ஒரு லிட்டர் பாலுக்கு இரண்டு ஸ்பூன் பிரை. கூட ஊற்றினால் சீக்கிரம் உறையும் என்று நினைத்துச் செய்தேன், புளிப்புதான் ஏறியது. டப்பாத் தயிர் வாங்குவதை நிறுத்திவிட்டோம். பழையதில் இரண்டு ஸ்பூன் எடுத்து வைத்தால் அடுத்ததற்குப் பிரை தயார். இந்தத் தயிர் நுண்ணுயிரை 1905-இல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மருத்துவர் நுண்ணோக்கி வைத்துக் கண்டுபிடித்தாராம். அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே வீட்டு வீட்டுக்கு உன் மாதிரி யாரோ ஒருத்தர் அதைச் சாகவிடாமல் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

ரொட்டி இதைவிடச் சுலபம். நம்ப மாட்டாய், மாவைப் பிசையவே வேண்டாம். இரவு படுக்கப் போகும் முன் 500 கிராம் மாவு, 350 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, கால் ஸ்பூன் ஈஸ்ட். கரண்டியால் கலந்து மூடி வைத்துவிடுவேன். கையால் பிசைந்து வர வேண்டிய இழுவை, பன்னிரண்டு மணி நேரம் சும்மா இருந்தாலே மாவில் தானாக வந்துவிடுகிறது. ஈஸ்ட் குறைவு என்பதால் மெதுவாகப் பொங்கும், மெதுவாகப் பொங்குவதால் ருசி ஏறும். மறுநாள் ஒரு கனமான மூடிப் பாத்திரத்தை ஓவனிலேயே நன்றாகக் காயவைத்து, அதில் மாவைப் போட்டு 230 டிகிரியில் அரை மணி நேரம் மூடியோடு, கால் மணி நேரம் மூடி இல்லாமல். மூடி இருக்கும்போது மாவின் ஈரமே ஆவியாகி உள்ளே நிற்கும், அதனால் மேல்தோல் அவசரமாகக் காயாது, ரொட்டி நன்றாக எழும்பும். ஓவனுக்கு மின்சாரம் செலவுதான், அதனால் ஒரு தடவை மூட்டினால் இரண்டு ரொட்டியாகச் சுட்டுவிடுவேன். ஒன்றை வெட்டி ஃப்ரீசரில் போட்டுவிடலாம். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்கக் கூடாது, அந்தக் குளிரில்தான் ரொட்டி மிக வேகமாக விறைத்துப் பழசாகும். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் வடியும் தண்ணீரை ரொட்டி மாவுக்கு ஊற்றிவிடுகிறேன். எதுவும் வீணில்லை.

பயறு வகையைக் காய்ந்ததாக மூட்டையில் வாங்கி ஊறவைத்து வேகவைக்கிறேன். ஒரு கிலோ காய்ந்த பயறு வெந்தால் இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது. டப்பாவில் வருவதில் பாதி தண்ணீரின் விலைதான். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: சிவப்பு ராஜ்மாவை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அதிலுள்ள ஒரு நஞ்சு அப்போதுதான் போகும். மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வைக்கும் மின்சாரப் பானையில் நேராகப் போட்டால் போகாது. இவள் ஆபீசில் ஒருவர் அப்படிச் சமைத்துச் சாப்பிட்டு இரவெல்லாம் வாந்தி எடுத்தாராம்.

இனி விட்டுவிட்ட வேலைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் மகன் காலை முதல் இரவு வரை அடுப்படியிலேயே கிடக்கிறான் என்று நினைப்பாய். வெண்ணெய் கடைந்தேன். அருமையாக வந்தது, ஆனால் அதற்கு வாங்கிய கிரீமின் விலை வெண்ணெயின் விலையைவிட அதிகம். ஒரு தடவையோடு சரி. சோப்பைத் துருவிச் சலவைத் தூள் செய்தேன். இங்கே குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். சோப்பு அதோடு சேர்ந்தால் நுரைக்காமல் திரிந்து துணியிலேயே படிகிறது. இரண்டு மாதத்தில் துண்டுகள் எல்லாம் விறைத்துச் சாம்பல் நிறமாகிவிட்டன, தண்ணீரை உறிஞ்சவே இல்லை. சலவைத் தூளைக் கடையிலேயே வாங்குகிறேன். சிக்கனம் என்று துணியைக் கெடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கழுவும் திரவங்களுக்குப் பதில் இப்போது இரண்டே சாமான். வினிகரும் சலவை சோடாவும். சலவை சோடாவை நானே செய்கிறேன்: சமையல் சோடாவைத் தட்டில் பரப்பி, ரொட்டி எடுத்த பிறகு ஓவனை 200 டிகிரிக்குக் குறைத்து ஒரு மணி நேரம் வைத்தால் போதும். உள்ளே இருக்கும் ஈரமும் வாயுவும் போய், 100 கிராம் போட்டால் 63 கிராம் நிற்கும். எண்ணெய்ப் பிசுக்குக்கு அதைவிட நல்லது கிடையாது, ஆனால் தோலை அரிக்கும், கையுறை வேண்டும். கெட்டிலில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்புக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி ஊற்றிக் கொதிக்கவைத்து அரை மணி விட்டால் எல்லாம் கரைந்துவிடும். இரண்டையும் சேர்த்து ஊற்றினால் பொங்குவதைப் பார்த்து எல்லோரும் மயங்குகிறார்கள். உண்மையில் ஒன்றின் வீரியத்தை மற்றது கொன்றுவிடும், மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர். அதோடு, பிளீச்சோடு வினிகரை மட்டும் ஒருநாளும் சேர்க்கக் கூடாது, அதில் வரும் வாயு நெஞ்சை அடைத்துவிடும். வீட்டில் பிளீச் பாட்டிலை வேறு அலமாரியில் வைத்திருக்கிறேன்.

குளிக்கும் சோப்பும் ஒரு முறை காய்ச்சினேன். எண்ணெயில் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றிக் கலக்குவதுதான் வேலை. எப்போதும் தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் தெறித்துவிடும். கலந்த உடனே கொதிநீர் மாதிரிச் சூடேறும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. கண்ணாடியும் கையுறையும் போட்டு, எடையைத் துல்லியமாக நிறுத்துச் செய்தேன். ஆறு வாரம் காயவைத்த பிறகு வந்த சோப்பு இவளுடைய குளிர்கால வறண்ட கைக்கு அவ்வளவு இதமாக இருந்தது. ஆனால் அடுத்த மாதம் குழந்தை நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டாள். மேஜை விளிம்பு அவள் கைக்கு எட்டுகிறது. அன்றே மீதி காஸ்டிக் சோடாவை வீட்டை விட்டு அனுப்பிவிட்டேன். அவள் பெரியவள் ஆகும் வரை சோப்பு கடையில்தான்.

இப்படிக் கழித்துக்கட்டிய பிறகு நின்றவற்றைப் பார்த்தால் ஒரு ஒற்றுமை இருக்கிறது, அம்மா. தயிருக்கு என் கை வேலை பத்து நிமிடம், மீதி எட்டு மணி நேரமும் அதுவே பார்த்துக்கொள்கிறது. ரொட்டியும் அப்படி, பயறும் அப்படி. நான் தூங்கும்போது நடக்கிற வேலைகள்தான் எங்கள் வீட்டில் நிலைத்தன. கூடவே நின்று கடைய வேண்டியது, துருவ வேண்டியது எல்லாம் போய்விட்டன. அதனால்தான் சொல்கிறேன், எனக்கு வேலை கிடைத்த பிறகும் இவற்றை விட மாட்டேன். அனுமதிக் கடிதம் அடுத்த மாதம் வந்துவிடும் என்கிறார்கள். சம்பளம் இரண்டாகும். அப்போதும் ராத்திரி படுக்கும் முன் மாவு கலப்பேன், உறை ஊற்றுவேன். எனக்கு இது பிடித்திருக்கிறது. வந்த முதல் மாதம் இந்த வீட்டில் எந்தச் சாமானைத் தொட்டாலும் யாரோ ஊர்பேர் தெரியாதவர் செய்து அனுப்பியதாக இருந்தது. இப்போது காலையில் ஓவனைத் திறந்து பாத்திரத்தைச் சாய்த்துப் பார்க்கிறேன். அசையாமல் நின்றால் அன்றைக்கு எங்கள் வீடு என்று தோன்றுகிறது.

கேட்க ஒன்று இருக்கிறது. நீ விரலைப் பாலில் விட்டு எத்தனை வரை எண்ணுவாய்? ஐந்தா, பத்தா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அடுத்த ஞாயிறு மறக்காமல் சொல். இவளுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும், வெப்பமானியின் பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வாள்.

அப்பாவிடம் முழங்கால் வலிக்கு மருத்துவரைப் பார்க்கச் சொன்னதை ஞாபகப்படுத்து. குழந்தை போட்டோ தனியாக அனுப்புகிறேன், கையில் ரொட்டித் துண்டு இருக்கும், பார்.

பால் 46-க்கு வந்துவிட்டது. எழுந்திருக்கிறேன்.

உன் அன்பு மகன்