தினம் பத்து வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர்களுக்குச் சொந்தமாக எழுத வரவில்லை என்று வருத்தப்பட்டு உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வருத்தம் நியாயமானது. ஆனால், கட்டுரைப் போட்டிகளை அதிகமாக நடத்தினால் சரியாகிவிடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மதுரையில் ஓர் அச்சகத்தில் 31 ஆண்டுகள் புரூஃப் பார்த்தவன், அதாவது அச்சுக்கு முன் எடுக்கும் மாதிரித் தாளில் பிழை திருத்தியவன் நான். ஒருவர் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிப்பார். இன்னொருவர் புரூஃபைப் பார்த்துக்கொண்டே வருவார். வாசிப்பவருக்கு எங்கே மூச்சு முட்டுகிறதோ, எங்கே நாக்கு இடறுகிறதோ, அங்கே வாக்கியத்தில் கோளாறு இருக்கும். ஒற்றுப் பிழையும் அப்படித்தான் பிடிபடும். ‘தந்த பலகை’ என்றால் யாரோ கொடுத்த பலகை, ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. கண் கோட்டை விடும், காது விடாது.

இப்போது ஞாயிறு காலையில் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் மொட்டை மாடிக்கு வருகிறார்கள். தினம் பத்து வரி நோட்டில் எழுத வேண்டும், ஞாயிறன்று அதை வாய்விட்டு வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், “என் தாத்தா மிகவும் அன்பானவர், பண்பானவர்” என்று வாசித்தான். “சரிப்பா, நேற்று அவர் உனக்கு என்ன செய்தார்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். மறுவாரம் இப்படி எழுதி வந்தான்: “சைக்கிள் செயின் பட்டு என் பேன்ட் கறையானால், அம்மா பார்ப்பதற்குள் தாத்தா மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவார்.” கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அன்பு என்ற சொல்லே அதில் இல்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை கண்டதையும் கேட்டதையும் நாட்குறிப்பாக எழுதிவந்தார். கப்பல் வந்ததும் போனதும்கூட அதில் இருக்கின்றன. அவருக்கு யாரும் தலைப்பு கொடுக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கோ தலைப்பைக் கொடுத்து, முன்னுரை, முடிவுரை என்று சட்டம் போட்டு, நடுவில் நிரப்பச் சொல்கிறோம். கோனார் உரையில் இருப்பது அப்படியே தாளுக்கு வந்துவிடுகிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு பிள்ளையின் பத்து வரிக்குச் சின்னதாக ஓர் இடம் ஒதுக்குங்கள். தலைப்பு வேண்டாம், பரிசும் வேண்டாம். அந்தப் பையனின் நோட்டிலிருந்து நாலு பக்கம் நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
மதுரை.