கூரைத் தண்ணீர் எங்கே போகிறது? லிம் சூ காங் பால் பண்ணையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் லிம் சூ காங் வட்டாரத்தில் கறவைமாடும் பாலாடும் வளர்த்துவரும் பண்ணையாளர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். உங்கள் தொழுவக் கூரையில் விழும் மழைநீர் எந்த வழியாக இறங்கி எங்கே போய்ச் சேர்கிறது என்பதை, மழை கொட்டிக்கொண்டிருக்கும் வேளையிலேயே, குடையைப் பிடித்து நின்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். சாணத்தொட்டியின் கொள்ளளவு, சுத்திகரிப்புச் சாதனம், உரிமம் என்றெல்லாம் பேச்சு எழும்போது கூரைத் தண்ணீரை யாரும் பொருட்படுத்தி நான் கேட்டதில்லை.

நான் பண்ணைத் தொழில் அறிந்தவன் அல்லன். கழிவுநீர் மாதிரிகளைச் சோதிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். அதற்கு முன் நான் வேலை பார்த்த ஓர் உணவுத் தொழிற்சாலையில், குளிர்பதன அறை பழுதாகிப் பெட்டி பெட்டியாகப் பால் கெட்டுப்போனது. மேற்பார்வையாளர், “பால்தானே, அமிலமா ஊற்றுகிறோம்?” என்று சொல்லி, அத்தனையையும் வாசலிலிருந்த திறந்த வடிகாலில் ஊற்றச் செய்தார். அதில் தவறு இருப்பது எனக்கும் அன்று தெரியவில்லை. பெட்டிகளைப் பிரித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

தவறு என்னவென்று பிறகுதான் படித்தேன். நீரில் கலந்த பொருளை நுண்ணுயிர்கள் தின்று சிதைக்கும்போது எவ்வளவு பிராணவாயுவை இழுத்துக்கொள்கின்றன என்பதே ஒரு கழிவின் வலிமையை அளக்கும் கோல். வீட்டுக் கழிவுநீருக்கு அது லிட்டருக்கு ஏறத்தாழ 300 மில்லிகிராம். சாணமும் மூத்திரமும் கலந்த குழம்புக்கு 10,000 முதல் 20,000 வரை போகும். பாலுக்கோ 100,000 அளவில் இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரைந்து நிற்கும் பிராணவாயு ஏழரை மில்லிகிராம் அளவுதான் என்பதால், சிந்திய ஒரு லிட்டர் பால் முழுவதும் சிதைந்து முடிவதற்குள் சுமார் 13,000 லிட்டர் நீரின் பிராணவாயு தீர்ந்துவிடும் என்பது எளிய வகுத்தல் கணக்கு. சாணக் கழிவில் இதற்கு மேலும் இரண்டு தொல்லைகள் உண்டு: அதிலுள்ள அம்மோனியா மீனைக் கொல்லும், பாஸ்பரசும் நைட்ரஜனும் பாசிக்கு உரமாகும்.

சிங்கப்பூரில் கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் தனித்தனியானவை. கழிவுநீர்க் குழாயில் போவது சுத்திகரிப்பு ஆலைக்குச் செல்கிறது. நாம் பேச்சில் ‘லோங்காங்’ என்று சொல்லும் திறந்த வடிகாலில் போவதோ, தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில், நீர்த்தேக்கத்துக்குச் செல்கிறது. உங்கள் வட்டாரத்தைச் சுற்றிக் கிராஞ்சி, சாரிம்பூன் நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. குடிநீருக்காக நீர் எடுக்கப்படும் நீரோடையில் விடப்படும் தொழிற்கழிவுநீரின் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று சட்டம் வரையறுத்திருப்பது இதனால்தான்.

இனிக் கூரைக்கு வருகிறேன். இங்கு ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கூரையும் திறந்த முற்றமுமாக 200 சதுர மீட்டர் பரப்பிலிருந்து வடியும் நீர் முழுவதும் சாணத்தொட்டிக்குள் போகும்படி தரை அமைந்திருந்தால், ஆண்டுக்கு 420,000 லிட்டர் நல்ல தண்ணீரை நீங்களே கழிவுநீராக்கி, அதைச் சேமிக்கவும் சுத்திகரிக்கவும் செலவும் செய்கிறீர்கள். பிற்பகலில் 50 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்தால் அன்று மட்டும் 10,000 லிட்டர். பெரிய கறவைமாடு ஒன்று சாணமும் மூத்திரமுமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிலோ இடும் என்று கொண்டால், அழையாமலே 200 மாடுகள் ஒரு நாள் வந்து தங்கிப் போனதற்கு அது சமம். மாடுகளை எண்ணிக் கட்டிய தொட்டி மழைநாளில் வழிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வழிவது எங்கே போகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. கூரை விளிம்பு நெடுகத் தகர வாய்க்கால் வைத்து, மழைநீரைக் குழாய் வழியே சாணம் படாத இடத்தில் இறக்க வேண்டும். மாடு நிற்கும் முற்றத்துக்கும் மற்ற முற்றத்துக்கும் இடையே அரைச் சாண் உயரத்துக்குச் சிமெண்டு வரம்பு கட்ட வேண்டும். குத்தகைக் காலம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தே செலவு செய்ய வேண்டிய உங்கள் நிலை எனக்குப் புரிகிறது. அதனாலேயே விலையுயர்ந்த சாதனத்துக்கு முன்னால் இதைச் சொல்கிறேன்.

தண்ணீர்க் குழாயைத் திருப்பும் முன் சாணத்தை மண்வெட்டியால் வழித்தெடுப்பது அடுத்தது. கூடையில் அள்ளி எருக்குழியில் போட்ட நம் பாட்டிமாருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதாக இருக்கவில்லை. குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் வரத் தொடங்கிய பிறகு மறந்த பழக்கம் இது. வழித்தெடுத்த சாணம் காய்கறித் தோட்டத்துக்கு எரு. கழுவிவிட்ட சாணம் வெறும் கழிவு.

மடிநோய்க்கு மருந்து கொடுத்த மாட்டின் பாலை விற்க முடியாது. அதைச் சாண எரிவாயுக் கலனில் ஊற்றினாலும், மருந்து அங்குள்ள நுண்ணுயிர்களை முடக்கக்கூடும். அந்தப் பாலைத் தனிக் கலத்தில் சேர்த்து, கழிவு அகற்றுவோரிடம் ஒப்படைப்பதே முறை. எரிவாயுக் கலனை நான் குறை சொல்லவில்லை. ஒரு கிலோ ஈரச் சாணம் ஏறத்தாழ 40 லிட்டர் வாயு தரும். ஆனால் கலனிலிருந்து வெளிவரும் குழம்பு ‘சுத்தமாகிவிட்டது’ என்று நம்புவது பிழை. நைட்ரஜனும் பாஸ்பரசும் அப்படியே அதில் இருக்கின்றன.

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் எருமைகள் இருந்த காலத்தின் மிச்சமாகப் பஃபலோ ரோடு, மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் போன்ற பெயர்கள் மட்டுமே இன்று நிற்கின்றன. 1977-இல் தொடங்கிய சிங்கப்பூர் ஆறு, காலாங் வடிநிலத் துப்புரவில் 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. எஞ்சிய பன்றி வளர்ப்பையும் படிப்படியாக நிறுத்தப்போவதாக 1984-இல் அரசாங்கம் அறிவித்தது. மாட்டுப் பொங்கலன்று உங்கள் மாடுகளைப் பார்க்கப் பேரப்பிள்ளைகளை அழைத்து வருபவர்களில் நானும் ஒருவன். அந்த வரிசையில் உங்கள் தொழிலும் சேர்ந்துவிடக்கூடாது என்ற கவலையும் இந்த மடலுக்குள் இருப்பதை மறைக்க விரும்பவில்லை.

உங்களில் யாரேனும் விரும்பினால், முதல் பெருமழையன்று நானும் வந்து உங்களோடு முற்றத்தில் நிற்கிறேன். சுண்ணக்கட்டி ஒன்று போதும். நல்ல தண்ணீர் எங்கே சாணத்தைத் தொடுகிறதோ அந்த இடத்துக்கு நேரே சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டு வரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கழிவுநீர்ச் சோதனையாளர் ஒருவர்,
சிராங்கூன் வட்டாரம்