தம்பியை அந்தத் தியானத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள், சித்தி

அன்புள்ள சித்திக்கு,

இயேசுவுக்கே புகழ்.

இதை உங்களுக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். பொதுவில் எழுதச் சொன்னது தம்பிதான். "பேரும் ஊரும் வேண்டாம்க்கா. ஆனா எங்கம்மா மாதிரி எத்தனையோ அம்மாக்கள் யார்கிட்டயும் கேக்க முடியாம செபமாலையைக் கையில வச்சுக்கிட்டு அழுதுட்டு இருப்பாங்க. அவங்களும் படிக்கட்டும்" என்றான். உங்களை நினைத்துக்கொண்டேதான் அதையும் சொன்னான்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் அவனை அந்தத் தியான மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகப் போவதாகச் சொன்னீர்கள். விடுதலைச் செபம் செய்து, கட்டு அவிழ்த்து, தலையில் கை வைத்துச் செபித்தால் ஆண்களை விரும்பும் மனசு மாறிவிடும் என்று உங்கள் அன்பியத்தில், அதாவது பங்கிலுள்ள குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுவில், யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் சித்தி. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வேண்டாம்.

குணமாக்க அதில் நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலின ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் 2018-ல் இது நோயல்ல என்று அறிவித்தது. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021 ஜூன் 7 அன்று வந்த உத்தரவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மதுரையிலிருந்து வீட்டைவிட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கு அது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று சொல்லி, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்கு அப்புறம்தான் உத்தரவு போட்டார். இப்படிப்பட்டவர்களை 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று மருத்துவம் பார்க்கக் கூடாது என்று அதில் தடை விதித்தார். அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஒரு டாக்டர் செய்தால் அவருடைய லைசென்ஸுக்கே ஆபத்தாகும் காரியம், செபம் என்ற பெயரில் நடந்தால் மட்டும் நல்லதாகிவிடுமா?

2020-ல் கேரளத்தில் 21 வயது மாணவி ஒருத்தி, வீட்டார் தன்னை மாற்றுவதற்காக மையங்களில் அடைத்து மருந்து கொடுத்ததை வீடியோவில் சொன்னாள். சில வாரங்களில் உயிரை விட்டுவிட்டாள். அவளுடைய வீட்டாரும் அவள்மேல் உள்ள பாசத்தால்தான் அதைச் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தலைமுறைச் சாபம் என்று ஒருவர் சொன்னாராமே, அது இன்னும் மோசம். தாத்தா செய்த பாவம் பேரனைப் பிடிக்கிறது என்று சொல்லி நடத்தும் குணமளிக்கும் செபங்கள் கத்தோலிக்க நம்பிக்கைக்கு ஒவ்வாதவை என்று ஸ்பெயின் நாட்டு ஆயர்கள் 2024-ல் தெளிவாக எழுதினார்கள். மறைக்கல்வி வகுப்பில் நான் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதுதான். திருமுழுக்குத் தண்ணீர் பட்ட பிள்ளைமேல் எந்தத் தாத்தாவின் சாபமும் நிற்காது.

"நான் எங்கே தப்பு பண்ணினேன்?" என்று கேட்டீர்கள். ஹாஸ்டலில் விட்டதா, சித்தப்பா வெளிநாட்டில் இருந்ததா, அவனைச் செல்லம் கொடுத்து வளர்த்ததா என்று ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினீர்கள். நீங்கள் ஒரு தப்பும் பண்ணவில்லை. 1992-ல் வந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் உங்கள் பங்குச் சாமியார் அறையில் இருக்கும். 2357-வது எண்ணை எடுத்துப் பாருங்கள். இது எப்படி உண்டாகிறது என்பது பெரும்பாலும் விளங்காமலே இருக்கிறது என்று திருச்சபையே அங்கே எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்க ஆயர் பேரவையின் குடும்பப் பணிக்குழு 1997-ல் உங்களைப் போன்ற பெற்றோருக்காகவே ஒரு மடல் வெளியிட்டது. 'என்றும் நம் பிள்ளைகளே' என்பது அதன் தலைப்பு. பொதுவாக இது ஒருவர் தானாகத் தேர்ந்தெடுப்பது அல்ல என்றும், இதனால் கடவுள் ஒருவரைக் குறைத்து நேசிப்பதில்லை என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் கல்யாணம். இதைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே பேசுகிறேன், மன்னியுங்கள். "ஒரு பொண்ணைப் பார்த்துக் கட்டி வச்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொன்னீர்கள். யாருக்குச் சரியாகும்? மூன்று ஞாயிறு கோவிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும் என்று ஊரையே கேட்பார்கள். பெண் வீட்டாருக்குத் தெரியாத ஒன்றை மனசுக்குள் வைத்துக்கொண்டு நீங்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள். 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1098-வது சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? இல்லற வாழ்வைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒரு தன்மையை, சம்மதம் வாங்குவதற்காகவே மறைத்து ஏமாற்றி ஒருவரைத் திருமணத்துக்கு இணங்க வைத்தால், அந்தத் திருமணம் செல்லாது. பீடத்துக்கு முன்னால் நடந்திருந்தாலும் செல்லாது. இப்படி நடந்த கல்யாணங்கள் மறைமாவட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது, அந்தப் பெண் தன் வாழ்க்கையின் அந்தரங்கத்தையெல்லாம் முன்பின் தெரியாத குருக்கள் முன்னால் சொல்லி அழ வேண்டியிருக்கும். உங்களுக்கு மகள் இல்லை. ஆனால் நான் உங்கள் அக்கா மகள். என்னை இப்படி ஒரு வீட்டில் கொடுத்திருந்தால் நீங்கள் சும்மா இருந்திருப்பீர்களா? அவனுக்கு நல்லது செய்வதாக நினைத்து இன்னொரு தாயின் மகளைப் பலி கொடுக்காதீர்கள்.

சரி, இப்போது கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். திருச்சபை இதை ஏற்றுக்கொள்கிறது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அதே 2357-வது எண், ஆணும் ஆணும் பெண்ணும் பெண்ணும் கொள்ளும் உடலுறவை இயல்பிலேயே ஒழுங்கற்றது என்கிறது, எந்தச் சூழலிலும் அதற்கு ஒப்புதல் இல்லை என்கிறது. 2359-ல் அவர்கள் கற்புநெறியில் வாழ அழைக்கப்படுகிறார்கள் என்று இருக்கிறது. அதாவது வாழ்நாள் முழுக்கத் துணையில்லாமல் இருக்க வேண்டும். இந்தப் போதனை மாற வேண்டும் என்று நினைக்கிறவள் நான். ஞாயிறுதோறும் மறைக்கல்வி நடத்திக்கொண்டே இப்படி நினைக்கிறேன். பங்குத்தந்தைக்கும் இது தெரியும்.

ஆனால் நான் உங்களிடம் கேட்பதைச் செய்ய நீங்கள் என் பக்கம் வர வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் நிற்கிற இடத்திலேயே நில்லுங்கள். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் 2358 இருக்கிறது. இவர்களை மரியாதையோடும் பரிவோடும் மென்மையோடும் ஏற்றுக்கொள்ள வேண்டும், அநியாயமாகப் பாகுபடுத்தும் எந்த அடையாளமும் கூடாது என்று அது சொல்கிறது. எத்தனை வருடமாகப் பூசைக்குப் போகிறோம், இந்த எண்ணை வைத்து ஒரு பிரசங்கமாவது கேட்டிருக்கிறோமா? விவிலியத்தில் அழிக்கப்பட்ட ஊரான சோதோமைப் பற்றி மட்டும் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! அந்தச் சோதோமின் குற்றம் என்ன என்று எசேக்கியேல் 16:49-ல் பாருங்கள். செருக்கும் மிதமிஞ்சிய உணவும் இருந்தும் ஏழை எளியவருக்குக் கை கொடுக்காததுதான் அங்கே எழுதியிருக்கிறது.

1986-ல் கர்தினால் ராட்சிங்கர், அதாவது பிற்பாடு பதினாறாம் பெனடிக்டாக வந்தவர், ஆயர்களுக்கு அனுப்பிய கடிதம் மிகக் கடுமையானது. எனக்குப் பல வரிகள் வலிக்கும். அந்தக் கடிதமே, இந்த ஈர்ப்பு இருப்பது பாவமல்ல என்கிறது. இவர்களைச் சொல்லாலும் செயலாலும் தாக்குவது வருந்தத்தக்கது, மேய்ப்பர்கள் அதைக் கண்டிக்க வேண்டும் என்கிறது. அவ்வளவு கடுமையானவரே இதைச் சொல்லியிருக்கும்போது, தம்பி வாய் திறந்து உண்மையைச் சொன்ன ஒரே காரணத்துக்காக அவனோடு ஒரே தட்டில் சாப்பிடக் கூடாது என்று உங்கள் நாத்தனார் எந்த வேதத்தைப் படித்துச் சொல்கிறார்?

திருத்தந்தை பிரான்சிஸ் உங்களுக்குப் பிடித்தவர். அவர் படம் உங்கள் வீட்டு வாசலிலேயே மாட்டியிருக்கிறது. 2018 ஆகஸ்டில் அயர்லாந்திலிருந்து திரும்பும் விமானத்தில் அவரிடம் கேட்டார்கள், மகன் வந்து இப்படிச் சொன்னால் தகப்பன் என்ன செய்ய வேண்டும் என்று. செபியுங்கள், கண்டனம் செய்யாதீர்கள், பேசுங்கள், புரிந்துகொள்ளுங்கள், பிள்ளைக்கு இடம் கொடுங்கள் என்றார். பேசாமல் ஒதுக்கி வைப்பது தாய்மையும் தந்தைமையும் இல்லாத செயல் என்றார். அதே பதிலில், சின்ன வயதில் தெரிந்தால் மனநல மருத்துவம் உதவலாம் என்கிற மாதிரியும் ஒரு வார்த்தை விட்டார். பலர் மனம் புண்பட்டது. வத்திக்கான் பிறகு வெளியிட்ட எழுத்து வடிவத்தில் அந்த வார்த்தை இல்லை. அவரும் தட்டுத் தடுமாறித்தான் வந்தார் என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

2020 செப்டம்பரில் 'யோனத்தானின் கூடாரம்' என்ற இத்தாலியக் கத்தோலிக்க அமைப்பைச் சேர்ந்த பெற்றோர் அவரைச் சந்தித்தார்கள். உங்கள் பிள்ளைகளை அவர்கள் இருக்கிறபடியே திருத்தந்தை நேசிக்கிறார், ஏனென்றால் அவர்கள் கடவுளின் பிள்ளைகள் என்றார். 2022 ஜனவரி 26, புதன் மறைக்கல்வியுரை. அன்று அவர் பேசியது உங்கள் சூசையப்பரைப் பற்றி. வாழ்க்கையில் சோதனைகளைச் சந்திக்கும் பெற்றோரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், பிள்ளைகளின் பாலின ஈர்ப்பு வேறாக இருப்பதைக் காணும் பெற்றோரையும் அந்த வரிசையில் சேர்த்தார். பிள்ளைகளுக்குத் துணை நில்லுங்கள், கண்டனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள் என்றார்.

இதெல்லாம் நேராகப் போகும் கதை இல்லை. 2021-ல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், இப்படிச் சேர்ந்து வாழ்பவர்களுக்கு ஆசி வழங்கலாமா என்ற கேள்விக்கு, பாவத்தைக் கடவுள் ஆசீர்வதிக்க முடியாது என்று எழுதியது. 2023 டிசம்பர் 18 அன்று அதே அலுவலகம், திருமணச் சடங்கு மாதிரி இல்லாமல், இப்படிச் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் குரு ஆசி வழங்கலாம் என்று எழுதியது. ஆப்பிரிக்க ஆயர்கள் அடுத்த ஜனவரியில், எங்களால் முடியாது என்றார்கள். இப்போதைய திருத்தந்தை பதினான்காம் லியோ, போதனை அண்மையில் மாற வாய்ப்பில்லை என்று பேட்டியில் சொல்லிவிட்டார். ஆனால் அதே 2025 செப்டம்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்பாலின ஈர்ப்பாளர்களும் திருநர்களும் பெற்றோரும் யூபிலித் திருப்பயணமாக உரோமைக்குப் போய், புனிதக் கதவு வழியாகப் பேதுரு பேராலயத்துக்குள் நுழைந்தார்கள். இயேசு சபையாரின் பழைய கோவிலில் அவர்களுக்குத் திருப்பலி நிறைவேற்றியவர் இத்தாலிய ஆயர் பேரவையின் துணைத் தலைவர். பிள்ளைகளோடு நடந்து போன அந்த அம்மாக்களும் உங்களைப் போல ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள்தான்.

போலீஸ் பயம் ஒன்றும் சொன்னீர்கள். அது வேண்டாம். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு சேர்வது குற்றமல்ல என்று சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, 2013-ல், இவர்களைத் திருச்சபை குற்றவாளிகளாகக் கருதவில்லை என்று அன்றைய மும்பைப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்ட் கிராசியாஸ் சொன்னார். 2023-ல் திருத்தந்தை பிரான்சிஸும் இது குற்றமல்ல என்று பேட்டியே கொடுத்தார்.

நீங்கள் மூன்று வாரமாகப் பூசையில் நற்கருணை வாங்கவில்லை என்று அம்மா சொன்னார்கள். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றவள் வாங்கலாமா என்று கேட்டீர்களாம். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. உலகத்தில் எந்த ஆயரும் எந்தக் கோட்பாடும் இதற்காக உங்களை நற்கருணையிலிருந்து விலக்கவில்லை. நீங்களே உங்களுக்குத் தண்டனை கொடுத்துக்கொள்கிறீர்கள். சந்தேகம் இருந்தால், கத்தாமல் காது கொடுத்துக் கேட்கிற ஒரு குருவானவர் எனக்குத் தெரியும். நான் கூட வருகிறேன், பேசிவிட்டு வரலாம்.

தம்பி இன்னும் கோவிலுக்குப் போகிறான், தெரியுமா? வேலை பார்க்கும் ஊரில் ஞாயிறு மாலைப் பூசைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறான். இவ்வளவுக்குப் பிறகும் போகிறான். வீடு அவனைத் துரத்தினால் கோவிலும் அவனுக்கு இல்லாமல் போய்விடும், ஏனென்றால் அவனுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தது நீங்கள்.

சித்தப்பாவிடம் நீங்களாகச் சொல்ல வேண்டாம். அதை எப்போது, எப்படிச் சொல்வது என்று அவன் முடிவு செய்யட்டும். தரகரிடம் கொடுத்த போட்டோவைத் திரும்ப வாங்கிவிடுங்கள். தியானத்துக்குக் கட்டிய முன்பணம் வராவிட்டால் போகட்டும், நான் தருகிறேன். இந்த மாதம் நம்ம ஊர்க் கோவில் கொடியேற்றத்துக்கு அவன் லீவு போட்டிருக்கிறான், நீங்கள் கூப்பிடுவீர்களா என்று தெரியாமல் டிக்கெட் எடுக்காமல் வைத்திருக்கிறான். ரயிலில் இடம் தீர்ந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கு ராத்திரியே போன் பண்ணுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்