காலை வெயிலை அந்தியாக்கிய நிருபர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் என் போச்சம்பள்ளி சந்தை ஓவியத்தைப் பெரிதாகவே போட்டிருந்தீர்கள், நன்றி. ஆனால், 'அந்தி வெயிலின் மஞ்சளை அற்புதமாகக் குழைத்திருக்கிறார்' என்ற வரியைப் படித்ததும் குடித்த காபி இறங்கவில்லை. ஆட்டு வியாபாரம் அந்தியிலா நடக்கும்? நான் வரைந்தது காலை வெயில். அந்த மஞ்சள் நான் பூசியதல்ல, ஓர் அலுவலகம் பூசியது. ஆசையாய் வாங்கி மாட்டியவர்கள், வெள்ளையடிக்கும்போது கழற்றி, ஃபைல் அறையில் சுவரைப் பார்க்கச் சாத்தியதோடு மறந்துவிட்டார்கள். எண்ணெய் வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் இருட்டில் கிடந்தால் மஞ்சளடிக்கும். வெளிச்சத்தில் வைத்தால் ஓரளவு தெளியும். தாங்கள் அறியாததல்ல. நிருபருக்குச் சொல்லத்தான் நேரமிருந்திருக்காது.

எண்ணெய் வண்ணத்தில் நான் போட்ட முதல் படங்களில் அது ஒன்று. கேன்வாஸ் வாங்கக் காசேது? காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சிப் பூசி, வெள்ளை அடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். நீலம் விலை அதிகம். அதனால்தான் வானம் அவ்வளவு குறுகல். முதல் பூச்சுக்கு டர்பன்டைன் கலந்து மெலிதாக, மேலே போகப் போக எண்ணெயைக் கூட்டிப் போட வேண்டும். மாற்றிப் போட்டால் மேல்பூச்சு முந்திக் காய்ந்து வெடித்துவிடும். முன்னால் நிற்கும் ஆட்டின் முதுகில் கத்தியால் அப்பிய வெள்ளை வாரக்கணக்கில் விரலில் ஒட்டியது. இதை 'ஒரே மூச்சில் தீட்டியது' என்கிறார் உங்கள் நிருபர். அவருக்கு நல்ல நுரையீரல்!

படத்தின் கீழே 'கிருஷ்ணகிரி மாவட்டம், 1978'. மாவட்டம் பிறந்ததே 2004-ல். அன்று நாங்கள் தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். முன்பொரு முறை என் கண்காட்சியை 'போர்டு எழுதும் தொழிலாளியின் கைவண்ணம்' என்று போட்டீர்கள். எழுதியவன்தான், அதில் கேவலமில்லை. ஃப்ளெக்ஸ் வந்து அந்தப் பிழைப்பு போனபோது ஒரு வரி எழுதினீர்களா? சென்னை ஓவியப் பள்ளி 1850-ல் தொடங்கிய கதைக்கு மட்டும் பக்கம் பக்கமாக இடமிருக்கிறது. எங்கள் மாவட்டத்து மல்லப்பாடிப் பாறையில் ஆதிகாலத்தில் வெள்ளை வண்ணத்தில் வரைந்து வைத்துப் போனவன் எந்தப் பள்ளியில் படித்தான் ஐயா?

திருத்தம் போடுவதும் போடாததும் தங்கள் இஷ்டம். கட்டுரைக்கென்று நிருபர் வாங்கிப்போன கறுப்பு வெள்ளை போட்டோவை மட்டும் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். வேறு பிரதி கிடையாது. மடிக்காமல், இரண்டு பக்கமும் அட்டை வைத்து. தபால் செலவை நானே தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
காவேரிப்பட்டணம்.